மழைக்காலக் குடில் பயணம்: திரும்பும் டிக்கெட் செய்யும் கேடு

ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை இரவு. எங்கள் மலையேற்றக் குழுவின் புதியவர்கள் ஒன்பது பேரை மேட்டுப்பாளையம் ரயிலில் வழியனுப்ப சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். நீலகிரியின் மேற்குச் சரிவில், வனத்துறை அனுமதியோடு, ஓர் இரவு குடிலில் தங்கப் போகிறார்கள். "ஞாயிறு இரவே திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டோம் அண்ணா, மதியத்துக்குள் இறங்கிவிடுவோம்" என்றார் பொறுப்பேற்றிருந்த தம்பி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 11 ஆண்டுகளுக்கு முன் இதையே நான் சொல்லியிருக்கிறேன்.

டார்ச், தண்ணீர், அட்டைக்கு உப்பு பற்றியெல்லாம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். அவற்றை விட்டுவிட்டு, புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சென்னை வானத்தை நம்புவது

நமக்கு அடைமழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இங்கே வெயில் காயும் ஆடி, ஆவணியில்தான் அங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பதிவானது.

ஜீன்ஸ்

வேண்டாம். நனைந்தால் காயாது.

மாற்றுத் துணியை வழியிலேயே உடுத்துவது

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். ஈரத்துணியில் காற்றும் பட்டால் உடல் சூட்டை வேகமாக இழக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டிய ஒரு செட் துணியைக் குடிலுக்குள் போன பிறகுதான் பிரிக்க வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்தவரின் நடுக்கம் நின்று பேச்சு குழறினால், தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதுதான் ஆபத்தான கட்டம்.

டிக்கெட்டுக்காக ஓடையில் இறங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. 11 ஆண்டுகளுக்கு முன் போன அந்தப் பயணத்தில், சனிக்கிழமை மாலை கணுக்கால் தண்ணீரில் ஓர் ஓடையைக் கடந்து குடிலுக்குப் போனோம். நடுவில், மேலே வெள்ளைப் பாசி படர்ந்த ஒரு பாறை. அதில் உட்கார்ந்து ஷூவுக்குள் புகுந்த மணலைத் தட்டினேன். இரவெல்லாம் மழை. காலை 8 மணிக்கு வந்து பார்த்தால் பாறையைக் காணோம். தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது. அதன் அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் கடகடவென்று கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் கால் வைக்கவே கூடாது.

கூட வந்த வனக்காவலர், "மதியம் வரை பொறுங்கள் சார், மழை விட்டால் தண்ணீர் தானாக இறங்கும்" என்றார். மலை ஓடைகள் அப்படித்தான், சட்டென்று ஏறும், மழை விட்டால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடியவும் செய்யும். பிறந்ததிலிருந்து அந்த மலையிலேயே இருப்பவர் அவர். நான் கடிகாரத்தைக் காட்டினேன். இரவு ரயில், திங்கள் காலை அலுவலகம்.

மூன்றாவதாக இறங்கிய நண்பனுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர்தான். வேகமான நீரில் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். உருண்டு வந்த கல் காலில் மோத, முழங்கால் திருகி விழுந்தான். தோள் பையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். மூட்டுத் தசைநார் கிழிந்திருந்தது. ஆள் கூட்டிவர வனக்காவலர் போனார். நாங்கள் நனைந்தபடி காத்திருந்தோம். மழை விட்டு, மதியம் 2 மணிக்கு அந்த வெள்ளைப் பாறை மறுபடி தலைகாட்டியது. எல்லோரும் அதைப் பார்த்தோம், யாரும் பேசவில்லை. ரயிலும் போய்விட்டது. சில நூறு ரூபாய் டிக்கெட். அவன் அதற்குப் பிறகு மலை ஏறவில்லை.

மழைக்காலத்தில் ஞாயிறு இரவுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். எடுத்திருந்தால், அது போனால் போகட்டும் என்று கிளம்பும்போதே குழுவில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு நாளுக்கான அரிசியும் பருப்பும் கூடுதலாக இருக்கட்டும்.

இடுப்பில் கயிறு கட்டி ஓடையைக் கடப்பது

கூடவே கூடாது. விழுந்தால் அந்தக் கயிறே ஆளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிக்கும்.

சென்ட்ரலில் அந்தத் தம்பியிடம் இதைத்தான் சொன்னேன். பெட்டியில் ஏறுவதற்குள் திங்கள்கிழமை விடுப்புக் கேட்டு அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார். இன்னும் மூன்று பேர் அனுப்பினார்கள். மற்ற ஐந்து பேரை நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.