பச்சைப் புள்ளி ஒட்டும் முன்: ஜப்பான், கொரியா விழாக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் இப்போது ஜப்பானிய, கொரிய விழாக்களுக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து கொரியக் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ஒரகடம் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் வந்தன. இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோ மையம் 2006லிருந்து இயங்குகிறது. இதற்கெல்லாம் மேல், கே-டிராமாவும் அனிமேயும் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை கல்லூரிக்கு வந்துவிட்டது. அவர்களே மண்டபம் பிடிக்கிறார்கள், கடை போடுகிறார்கள், மேடை கட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இந்த விழாக்களில் உணவுக்கடைகளை ஒருங்கிணைக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்கிறவன் என்பதால், எங்கள் குழு விழுந்த அதே பள்ளங்களில் புதுக் குழுக்கள் வரிசையாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் குத்தி நிறுத்தாதே, இரண்டு கையாலும் வாங்கு, செருப்பைக் கழற்று என்பதெல்லாம் எல்லா வீடியோவிலும் இருக்கிறது. அதை இங்கே சொல்லப் போவதில்லை.

ஆகஸ்ட் 15

விடுமுறை, மண்டபம் கிடைக்கும், கூட்டம் வரும் என்று இந்தத் தேதியைப் பிடிப்பார்கள். கொரியர்களுக்கு அது 1945ல் ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுபட்ட நாள். ஜப்பானியர்களுக்குப் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். இருவரையும் ஒரே மேடைக்கு அழைத்து அன்று ஆடிப்பாடச் சொன்னால் இரண்டு தரப்புமே வராது. வராததற்குக் காரணமும் சொல்லாது. ‘அன்று வேறு வேலை இருக்கிறது’ என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வரும்.

கதிர் வீசும் சூரியன்

போஸ்டர் செய்கிற பையன் ‘ஜப்பான்’ என்று தேடி, சிவப்புச் சூரியனிலிருந்து பதினாறு கதிர் பரவும் படத்தை எடுத்துப் பின்னணியில் போட்டுவிடுவான். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அது போர்க்காலத்தில் ஜப்பானிய ராணுவம் பிடித்த கொடி. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்த நாட்டுக்காரர்கள் அதைக் கண்டால் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று யோசியுங்கள். வெள்ளையில் சிவப்பு வட்டம் போதும். இரு நாடுகளின் வரைபடத்தையும் போட வேண்டாம். நடுவில் கிடக்கும் கடலுக்கு என்ன பெயர் என்பதிலேயே சண்டை இருக்கிறது.

யுகாட்டா

யுகாட்டா என்ற ஜப்பானிய அங்கியில் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. யுகாட்டா கட்டிவிடும் கடையில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். செல்ஃபியைக் கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கும் போன்கள் உண்டு. அதைப் பார்த்துவிட்டு, சரியாகக் கட்டியிருப்பதை அவிழ்த்து மாற்றிக் கட்டிய ஆட்களும் உண்டு.

அரிசி

பாசுமதி வேண்டாம். பொன்னியும் வேண்டாம். சோறு ஒட்ட வேண்டும்.

பச்சை மீன்

சென்னை வெயிலில், திறந்தவெளிக் கடையில்? கூடவே கூடாது.

‘மீன் இருக்கா?’ என்று கேட்பது

மற்றதெல்லாம் ஒரு மன்னிப்பில் முடிந்துவிடும். இது முடியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

நடப்பது இதுதான். கடையைக் கவனிக்கும் மாணவர், சமைக்க வந்திருக்கும் ஜப்பானிய அம்மாவிடம் மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பைக் காட்டி ‘இதில் மீன் இருக்கா?’ என்று கேட்பார். அவர் சட்டியை எட்டிப் பார்ப்பார். டோஃபு, கடற்பாசி, வெங்காயத்தாள். ‘இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் மீன் என்றால் கண்ணுக்குத் தெரிகிற மீன் துண்டு. சூப்புக்கு அடியாக ஊற்றும் தாஷி என்ற சாற்றை யாரும் அங்கே தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தச் சாறு பெரும்பாலும் கத்சுவோபுஷியில் எடுப்பது. தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்குச் சட்டென்று புரியும்: மாசி. அதே சூரை மீன். வேகவைத்து, புகை போட்டு, கட்டையாகும்வரை காயவைத்து, இழைத்து எடுப்பார்கள். கொதிநீரில் போட்டு வடிகட்டிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

மாணவர் பச்சைப் புள்ளியை ஒட்டிவிடுவார்.

மயிலாப்பூர் பக்கம் ஒரு மண்டபம். வளாகத்துக்குள் அசைவம் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஒரு மாமி, பேத்தி கே-பாப் ஆட வந்திருக்கிறாள் என்று கூட வந்தவர், சூப்பை வாங்குமுன் இரண்டு முறை கேட்டார். ‘சுத்த வெஜ் மாமி, தைரியமா சாப்பிடுங்கோ’ என்றது எங்கள் கடை. பாதிக் கிண்ணம் குடித்தபோது வாசனை எங்கேயோ இடித்திருக்க வேண்டும், மூன்றாவது முறை கேட்டார். கடைப் பெண் உதவுவதாக நினைத்து மிசோ பாக்கெட்டையே எடுத்து நீட்டினாள். ஜப்பானிய மொழி வகுப்பில் படிக்கிற ஒரு பையன் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தான். ‘கத்சுவோ’ என்ற இடத்தில் நிறுத்தினான். தாஷி கலந்தே விற்கும் மிசோ அது. மாமி சண்டை போடவில்லை. குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், பேத்தியை மேடைக்குப் பின்னாலிருந்து அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் ஆடவே இல்லை.

அப்புறம் நடந்தது வெறும் கணக்கு. சட்டி முழுவதும் கீழே கொட்டினோம். விற்ற கூப்பனுக்கெல்லாம் பணம் திருப்பிக் கொடுத்தோம். மண்டப நிர்வாகம் முன்பணத்தைத் தரவில்லை, அடுத்த வருடம் தேதியும் தரவில்லை. ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. என் கோபம் இன்றைக்கும் இதையே செய்துவிட்டு ‘ஒரு துளிதானே, யாருக்குத் தெரியப்போகிறது’ என்கிறார்களே, அவர்கள்மேல்தான்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். ‘மீன் இருக்கா’ என்று கேட்காதீர்கள். ‘இந்தச் சாறு எதில் எடுத்தது, பாட்டிலைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அதையும் விழாவன்று காலையில் கேட்காதீர்கள், இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். போனில் படம் எடுத்து மொழிபெயர்த்தாவது ஒவ்வொரு லேபிளையும் படியுங்கள்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்றால்: தகோயாகி உருண்டை, ஒகோனோமியாகி அடை, இரண்டின் மாவிலும் தாஷி. ஒகோனோமியாகி சாஸில் பல சமயம் சிப்பிச் சாறோ இறைச்சிச் சாறோ. டெம்புரா காய்கறி பஜ்ஜிதானே என்பீர்கள், தொட்டுக்கொள்ளும் சாறு மீன். இனிப்பான டோஃபு பையில் சோறு அடைத்த இனாரியில், அந்தப் பை வெந்தது தாஷியில். கட்டியாக விற்கும் ஜப்பானியக் குழம்புக் கலவையில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கக்கூடும். கொரியப் பக்கம் வந்தால், கிம்ச்சி என்ற புளித்த கோஸ் ஊறுகாயில் உப்பிட்ட இறால் அல்லது நெத்திலிச் சாறு. தொக்பொக்கி என்ற அரிசித் துண்டு உணவின் சிவப்புக் குழம்புக்கு அடி நெத்திலிச் சாறு, கூடவே மீன் கேக். முட்டையும் நம் சட்டப்படி அசைவம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020ல் கொண்டுவந்த விதிகளில் அசைவக் குறி பழுப்பு முக்கோணமாகிவிட்டது. பழைய பழுப்பு வட்டத்தை இன்னும் அச்சடித்து வருகிறவர்கள் கவனிக்கவும்.

மாற்று வழி கஷ்டமே இல்லை. ஜப்பானிய பௌத்த மடங்களில் காலங்காலமாக மீனே இல்லாமல்தான் தாஷி எடுக்கிறார்கள். கொம்பு என்ற கடற்பாசி லிட்டருக்குப் பத்து கிராம், நாலைந்து காய்ந்த ஷிட்டாகே காளான், குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள். அவ்வளவுதான். கிம்ச்சிக்கு இறாலுக்குப் பதில் உப்பும் சோயா சாஸும் போதும். கொரிய மடங்களின் சமையலில் வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. அதைக் கேட்டதும் ‘ஜெயின் உணவு’ என்று பலகை எழுதக் கிளம்பாதீர்கள். முள்ளங்கியும் தாமரைக் கிழங்கும் அதில் தாராளமாக உண்டு. சௌகார்பேட்டையிலிருந்து வருகிற ஜெயினர் அதையும் சாப்பிட மாட்டார்.

தோசைக்கல், எண்ணெய், கரண்டி மூன்றும் தனித்தனி. இரண்டு கடைக்கு ஒரு கல் என்றால் இரண்டு கடையுமே அசைவம்.

மிரின், சாக்கே என்ற அரிசி மதுக்களை ஊற்றிச் சமைத்ததையும் பலகையில் எழுதுங்கள். கொரிய மிளகாய் விழுதான கோச்சுஜாங்கின் சில டப்பாக்களிலும் கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்க்கிறார்கள். முஸ்லிம் விருந்தாளி கேட்ட பிறகு தேடினால் எங்கள் சூப்புக் கதைதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மீன் அச்சில் வார்த்த தாயாகியைச் சைவம் சாப்பிடுகிறவர்கள் தொடவே மாட்டார்கள். உள்ளே இருப்பது வெல்லப் பூரணம் மாதிரியான சிவப்புப் பயறு இனிப்பு. மாவில் முட்டை சேர்க்காமல் செய்தால் அந்தக் கடையிலேயே சுத்தமான சைவம் அதுதான்!

கிம்ச்சி பாட்டில்

மூடியை இறுக்கிக் காரில் வைக்காதீர்கள். வெடிக்கும்.

உணவுப் பதிவு

ஒருநாள் கடைக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். மண்டபக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டார்.

ஜப்பானிலிருந்து வந்த தகோயாகி அடுப்பு

அங்கே வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. அன்பளிப்பாக வந்ததே என்று ஆசையாகச் செருகினால் புகை வந்து முடிந்துவிடும். ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் அடுப்பு இழுக்கும் வாட்ஸைத் தாங்குகிற அளவில் வேண்டும். போன் சார்ஜருக்கு வாங்கிய சின்னப் பெட்டி ஆகாது. கேஸில் வைக்கும் வார்ப்பு இரும்புத் தட்டு வாங்கிவிடுங்கள். நம் பணியாரக் கல்லிலேயே சுட்டவர்களும் உண்டு, நன்றாகவே வந்தது. கொரிய அடுப்புகள் 220 வோல்ட், பிளக் மாற்றினால் ஓடும்.

மேடைப் பேச்சு

யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து ‘அம்மா, அப்பா கொரிய மொழியிலும் இருக்கிறது, எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்’ என்று ஆரம்பிப்பார். சாம்குக் யூசா என்ற 13ஆம் நூற்றாண்டுக் கொரியத் தொகுப்பில், ஆயுதா நாட்டிலிருந்து கப்பலேறி வந்த இளவரசி ஒருத்தி மன்னன் சுரோவை மணந்த கதை உண்டு. அந்த ஆயுதா எது என்று அயோத்திக்காரர்களும் நம்மவர்களும் போட்டி போடுகிறார்கள். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவுண்டு என்று ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சுவாரசியமான விஷயங்கள்தான், ஆறுதலாக உட்கார்ந்து பேசலாம். ஆனால் விருந்தினராக வந்திருக்கும் தூதரக அதிகாரியின் முகத்துக்கு நேரே, உங்கள் மொழியே எங்களுடையது என்று முழங்குவது என்ன உபசாரம்?

குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று மேடை எப்படியும் ஒரு மணி நேரம் இழுக்கும். தொக்பொக்கியின் அரிசித் துண்டுகள் ஆறினால் ரப்பராகிவிடும், குழம்பும் பசையாக இறுகிவிடும். அதனால் நேர அட்டவணையை நம்பிச் சமைக்காதீர்கள். மேடைக்குக் கீழே ஒரு ஆளை நிறுத்துங்கள். கடைசிப் பேச்சாளர் நன்றி சொல்லத் தொடங்கியதும் அவர் போன் பண்ணட்டும், அப்போது அடுப்பைப் பற்ற வையுங்கள்.