போதையில் சொன்னால் கணக்கில் வராதா?

எங்கள் மறுவாழ்வு மையத்துக்குப் பயிற்சிக்கு வந்த ஆலோசகர் ஒருவர் போன வாரம் குறிப்பேட்டில் இப்படி எழுதியிருந்தார்: 'போதையில் சாகப்போவதாகச் சொன்னார். தெளிந்ததும் மறுத்துவிட்டார்.' அத்தோடு கோப்பை மூடியும்விட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய அதே வரி. குடிப்பவர் தற்கொலை பற்றிப் பேசும்போது நம்மைப் போன்றவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். திட்டக் கூடாது, உபதேசம் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

'குடித்துவிட்டு உளறுகிறார்'

அன்று இரவு பத்து மணி இருக்கும். ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார் சார்." "தூங்க வையுங்கள் அம்மா, காலையில் அழைத்து வாருங்கள்" என்றேன். விடிவதற்குள் அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார். பிறகு கட்டிலருகே உட்கார்ந்து பேசியபோது, "குடிக்காவிட்டால் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது சார்" என்றார்.

இன்னும் எரிச்சலாக இருக்கிறது, என்மீதுதான். மது மனச்சோர்வைக் கூட்டும், நிதானத்தைப் பறிக்கும். விடிந்தால் தணிந்திருக்கக்கூடிய எண்ணம் போதையில் சில நிமிடங்களிலேயே செயலாகிவிடலாம். ஆகவே அந்த நேரத்தில் அவரோடு வாதாடாதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள். ஆபத்து நெருங்கிவிட்டதென்று பட்டால் 108ஐ அழையுங்கள். தெளிந்தபின், "நேற்று இப்படிச் சொன்னீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா?" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. "ஏதோ வாய் தவறி" என்று சிரிப்பார். நீங்கள் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம்

செய்யாதீர்கள்.

'நிறுத்திவிட்டார், இனிக் கவலையில்லை'

நெடுநாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு, மனக்குழப்பம்வரை போகலாம். மருத்துவர் மேற்பார்வை வேண்டும். அது தணிந்தபிறகு கடன் தெரியும், பேசாமல் போன மகள் தெரிவாள். அதுவரை போதை மறைத்து வைத்திருந்தவை அவை. வீட்டார் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கும் அந்த வாரங்களில்தான் நான் அடிக்கடி அழைத்துப் பேசுகிறேன்.

'மறுபடி குடித்தால் இந்தப் பக்கம் வராதே'

உண்மையாகவே வர மாட்டார்.

உதவி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது

மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது சட்டைப் பையிலேயே துவைந்துபோகும். உங்கள் எதிரிலேயே அழைக்கச் சொல்லுங்கள். மறுமுனையில் குரல் கேட்கும்வரை பக்கத்தில் இருங்கள்.