டர்ரட் வரைகிறவர்களுக்கு: முன்பாரம் ஏற்றாதீர்கள்

பாளையங்கோட்டை, வண்ணாரப்பேட்டைப் பக்கம் மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் கணினியில் டாங்கி வரைகிறார்கள். பழைய வண்டியை நவீனமாக்கும் திட்டங்கள்தான் அதிகம். படம் அழகாக இருக்கிறது. தவறுகள் மட்டும் வருஷா வருஷம் மாறாமல் வருகின்றன. போல்ட் அளவு பிசகுவதும் வெல்டிங் குறி விட்டுப்போவதும் பட்டறையில் ஒரு மாதம் நின்றால் சரியாகிவிடும். கீழே இருப்பவை அப்படிச் சரியாகாதவை.

முன்பாரம்

கூடுதல் கவசம் என்றதும் எல்லோரும் டர்ரட்டின், அதாவது டாங்கியின் மேல் பீரங்கியோடு சுழலும் கூட்டின், முகத்தில் தகடு ஒட்டுகிறார்கள். முன்னாலிருந்து அடி அதிகம் வரும், நியாயம்தான். ஆனால் வைக்கோல் வண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவருக்குத் தெரிந்தது இங்கே மறந்துபோகிறது. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். பாரம் அச்சுக்கு மேலே உட்கார வேண்டும். டர்ரட்டுக்கு அச்சு என்பது அதன் சுழல்மையம்.

20 டன் டர்ரட் ஒன்று, எடைமையம் சரியாகச் சுழல்மையத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1.5 மீட்டர் முன்னால் 1.5 டன் கவசம் சேர்த்தால் எடைமையம் சுமார் 10.5 செ.மீ. முன்னே நகரும். சமதளத்தில் வித்தியாசம் தெரியாது. வண்டி பக்கவாட்டில் 15 டிகிரி சரிந்து நிற்க, பீரங்கி நேர்முன்னே பார்த்தால், டர்ரட்டைப் பள்ளத்துப் பக்கம் இழுக்கும் திருப்புவிசை 1500 × 9.81 × 1.5 × சைன் 15°, அதாவது ஏறக்குறைய 5,700 நியூட்டன் மீட்டர். மேட்டுப் பக்கம் திருப்ப மோட்டார் இதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பள்ளத்துப் பக்கம் திருப்பினாலோ டர்ரட் தானாக ஓடப் பார்க்கும், பிடித்து நிறுத்த வேண்டும்.

'அதான் மோட்டார் இருக்குல்லா' என்பது வாடிக்கையான பதில். கேட்டாலே எரிச்சல் வரும். பெரிய மோட்டாருக்குக் கூடுதல் மின்சாரம், அதற்குப் பெரிய ஜெனரேட்டர், அது போடும் சூட்டைத் தணிக்க இன்னொரு ஏற்பாடு என்று செலவு வால் பிடித்துப் போகும். மின்சாரம் நின்றால் கையால் சுற்றும் பிடிதான் மிச்சம். ஓட்டத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும், குறி மாறாமல் பீரங்கியைப் பிடிக்கும் ஸ்டெபிலைசர் இந்தப் பாரத்தோடு மல்லுக்கட்டும், குறி தள்ளும். டர்ரட் உட்கார்ந்து சுழலும் ரிங் பேரிங்கின் முன்பகுதி மட்டும் அழுந்தித் தேயும்.

1942-ல் வந்த அமெரிக்க எம்10 டாங்கி எதிர்ப்பு வண்டியில் டர்ரட்டைச் சுற்ற மோட்டாரே கிடையாது. 3 அங்குலப் பீரங்கி முன்னே நீட்டிக்கொண்டிருந்ததால் சரிவில் சுற்ற முடியாமல் ஆட்கள் திணறினார்கள். கடைசியில் பின்னால் ஒரு டன்னுக்கு மேல் இரும்பை எதிர்பாரமாகத் தொங்கவிட்டார்கள். சுடவும் செய்யாத, பெரிதாக எதையும் தடுக்கவும் செய்யாத இரும்பு. அமெரிக்க ஷெர்மன் டாங்கியில் பெரிய பீரங்கி ஏற்றிய ஷெர்மன் ஃபயர்ஃபிளையில் பிரிட்டிஷார் செய்தது கெட்டிக்காரத்தனம். 17 பவுண்டர் பீரங்கி பின்னே உதைக்க இடம் வேண்டியிருந்தது. ரேடியோவை டர்ரட்டின் முதுகில் ஒரு கவசப் பெட்டிக்குத் தள்ளினார்கள். அந்தப் பெட்டியே நீண்ட குழலுக்கு எதிர்பாரமாகவும் நின்றது. எப்படியும் சுமந்தாக வேண்டிய பேட்டரி, ஏசி, ரேடியோ, ரவுண்டு (பீரங்கிக் குண்டு) ஆகியவற்றைப் பின்னால் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் மட்டும் வெறும் இரும்பு.

கணக்குத் தாள் ஒன்று போடுங்கள். பாகம், எடை, மையத்திலிருந்து முன்பின் தூரம், இடவலத் தூரம், உயரம் என்று ஐந்து கட்டம். எடையைத் தூரத்தால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுங்கள். இதை ஒரு தடவை போட்டால் போதாது. 120 மி.மீ. ரவுண்டு ஒன்று சுமார் 20 கிலோ. ஜெர்மன் டாங்கி லெப்பர்ட் 2 போல டர்ரட்டின் பின்கூட்டில் 15 ரவுண்டு வைத்தால் 300 கிலோ. சுடச்சுட அது காலியாகி, முன்பாரம் கூடிக்கொண்டே போகும். நிறைந்த கூட்டுக்கு ஒரு தாள், காலிக் கூட்டுக்கு ஒரு தாள்.

கீழே யார் சுமப்பது?

ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் மார்க் 1 எடை 58.5 டன், மார்க் 1ஏ சுமார் 68 டன். எஞ்சின் இரண்டிலும் 1,400 குதிரைத்திறன்தான். டன்னுக்கு 24 என்றிருந்தது 20.6 ஆகிறது. தரையில் படும் சங்கிலி ஒவ்வொன்றும் 4.8 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 58 டன்னுக்குச் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம். 68 டன்னுக்கு 1.18. அந்தப் புள்ளி ஒன்று எட்டுக்கு என்ன அர்த்தம் என்று, ஐப்பசி மழைக்கு மறுநாள் கோவில்பட்டிக் கரிசலில் டிராக்டர் இறக்கியவரிடம் கேளுங்கள்.

டார்ஷன் பார் (முறுக்கு ஸ்பிரிங் கம்பி), ஷாக் அப்சார்பர், பிரேக், ஃபைனல் டிரைவ் (சங்கிலியை இழுக்கும் கடைசிப் பற்சக்கரத் தொகுதி) எல்லாவற்றையும் புது எடைக்குத் திரும்பக் கணக்கிட வேண்டும். பாலமும் உண்டு. சிவில் நண்பரைக் கேட்டால் சாலைப் பாலங்களுக்கான பார விதிநூல் ஐ.ஆர்.சி. 6-ல் உள்ள '70 ஆர்' சங்கிலி வண்டிப் பாரத்தைக் காட்டுவார்: 70 டன். 68 டன் வண்டியில் கண்ணிவெடிக் கலப்பையை மாட்டினால் மிச்சம் எவ்வளவு?

சாய்வு எடையைக் குறைக்காது

செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்த 100 மி.மீ. தகடு, நேராக வரும் குண்டுக்கு 200 மி.மீ. கனம் காட்டும். ஆனால் அதே உயரத்தை மறைக்கத் தகட்டின் நீளமும் இரண்டு மடங்கு வேண்டும். இரும்புச் செலவு ஒன்றுதான். நீண்டு மெலிந்த இன்றைய அம்புக் குண்டுகள் சாதாரணச் சாய்வில் வழுக்கி ஓடவும் செய்யாது. 1990-களின் லெப்பர்ட் 2ஏ5 டர்ரட்டில் தெரியும் கூர்மூக்கு, இடைவெளி விட்ட கவசம். அம்பைத் தடுமாற வைப்பதற்கு. அதைப் பார்த்து வெறும் தகட்டைக் கூராக வளைத்து வரைவதில் பலனில்லை.

தாழ்ந்த கூரை

குழல் வாய் தாழ்ந்தால் பீரங்கியின் பின்பக்கம் மேலே எழும், கூரையில் முட்டும். ரஷ்ய டாங்கி டி-72-ன் குழல் ஏறக்குறைய 6 டிகிரிதான் தாழும், லெப்பர்ட் 2-க்கு 9. மேட்டுக்குப் பின்னால் மறைந்து சுட அந்த மூன்று டிகிரி வேண்டும்.

ரவுண்டும் ஆளும் ஒரே அறையில்

டி-72-ல் ஆட்கள் காலடியில் 22 ரவுண்டு வட்டமாக அடுக்கியிருக்கும். தீப்பிடித்தால் டர்ரட் பறப்பதை உலகமே வீடியோவில் பார்த்துவிட்டது. பின்கூட்டில் வைக்கிறவர்கள் வெடிப்பு மேலே போகும்படி கூரையில் பிய்ந்துபோகும் தகடும், ஆட்கள் பக்கம் எஃகுக் கதவும் சேர்த்தே வரைய வேண்டும். கதவு எத்தனை விநாடி திறந்திருக்கும் என்பதையும் எழுதுங்கள். திறந்த கதவுக்கு அந்தத் தகட்டால் உதவியில்லை.

மெல்லிய தகட்டின் மேல் வெடிகவசம்

குண்டு பட்டதும் தானே வெடித்து அதைக் கெடுக்கும் கவசம் இது. எடுத்த எடுப்பில் ஒட்டாதீர்கள். முதலில் அடித்தகடு தாங்குமா பாருங்கள்.

ஓட்டுநர் மூடி

டர்ரட்டை 360 டிகிரியும் சுற்றி, குழலைத் தாழ்த்திப் பாருங்கள். எந்தக் கோணங்களில் ஓட்டுநரின் மூடி திறக்காதோ அவற்றைப் படத்திலேயே சிவப்பில் குறித்து, ஆள் வெளியேற வேறு வழி எது என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.