சிங்க்வே தெர்ரே கரைநடை: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் விடும் பிழைகள்

சுவிஸில் உள்ள உறவினர் வீட்டுக்கு விடுமுறையில் போகிறவர்களுக்கு, ஒரு எட்டு இத்தாலிக்கும் போய் சிங்க்வே தெர்ரேயின் ஐந்து கடலோர ஊர்களை நடந்து பார்க்க ஆசை வரும். சூரிச்சிலிருந்து மிலான் வழியாக ரெயினில் ஒரே நாளில் போய்ச் சேரலாம். வடக்கிலிருந்து மொந்தெரோசோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்பது வரிசை. வரைபடத்தில் எல்லாம் கிட்டக் கிட்டத்தான் தெரியும்.

முதல் பிழை அந்தத் தூரத்தை நம்புவது. நம்முடைய கரை தட்டையான மணல். கல்லடியில் மூன்றரைக் கிலோமீற்றரை முக்கால் மணித்தியாலத்தில் நடந்துவிடலாம். மொந்தெரோசோவிலிருந்து வெர்னாட்சாவுக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அங்கே கரை என்பது கடலுக்குள் இறங்கும் மலைச்சரிவு. வெர்னாட்சாவுக்கும் கொர்னீலியாவுக்கும் நடுவில் பாதை சுமார் 200 மீற்றர் உயரத்துக்கு ஏறி இறங்குகிறது. ஒரே நாளில் ஐந்து ஊரையும் நடையாகவே முடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு துண்டை நடந்து மிச்சத்துக்கு ரெயினில் ஏறுங்கள். ஊருக்கு ஊர் சில நிமிடப் பயணம்தான்.

நமக்குக் கடலில் உதிக்கிற சூரியன்தான் பழக்கம். இந்தக் கரை தென்மேற்கைப் பார்த்தது. காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் நிற்கும்போது சரிவில் நிழல் இருக்கும். மத்தியானம் திரும்பினால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும், ஒதுங்க மரமும் குறைவு. ‘வெயில் நமக்கென்ன புதிதா’ என்று ஆறுதலாகச் சாப்பிட்டுப் பத்தரைக்கு வெளிக்கிடுவதுதான் ஆளைக் களைக்கச் செய்யும். ஏழு, ஏழரைக்கே தொடங்குங்கள். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர் வேண்டும். ஊர்களில் உள்ள பொதுக் குழாய்களில் போத்தலை மறுபடி நிரப்பலாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. கொர்னீலியா கடல்மட்டத்திலிருந்து 100 மீற்றர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது, ரெயில் நிலையமோ கீழே. ரெயினில் வந்திறங்கினால் ஏறக்குறைய 380 படி ஏறியோ சிறிய பஸ்ஸிலோதான் ஊருக்குள் போகலாம். மொந்தெரோசோவில் தொடங்கினால் கடினமான ஏற்றம் காலைக் குளிரிலேயே முடிந்துவிடும். கொர்னீலியாவுக்கு மேலிருந்தே வந்து சேர்ந்து, அந்தப் படிகளில் இறங்கி ரெயின் பிடிக்கலாம்.

கொர்னீலியா–மனரோலா கீழ்ப்பாதை நிலச்சரிவால் நீண்ட காலமாக மூடியிருக்கிறது. மாற்றுவழி வொலாஸ்த்ரா என்ற மலையூர் வழியாகப் போகும்: 300 மீற்றருக்கு மேல் ஏற்றம், பிறகு மனரோலாவுக்கு ஆயிரத்துக்கும் அதிகமான படி இறக்கம். முழங்கால் நோவு உள்ளவர்கள் ஏற்றத்துக்குப் பயப்படுவார்கள். உண்மையில் வதைப்பது இறக்கம்தான். மனரோலா–ரியோமஜோரே ‘காதல் பாதை’ 2012இல் கல் விழுந்து மூடப்பட்டு 2024இல் திறந்தது. அதற்கு நேரம் பதிவு செய்த தனி டிக்கட் வேண்டும். நேரே போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்.

செருப்போடு மலைப்பாதையில் ஏறுகிறவர்களுக்கு 2019 முதல் அபராதம் உண்டு: 50 யூரோவிலிருந்து 2,500 யூரோ வரை. அடிப்பாகம் பிடிப்புள்ள மூடிய சப்பாத்தே போடுங்கள். படம் எடுக்கப் பாதையோரக் கற்சுவரில் ஏறுவது இன்னொரு பிழை. அவை சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியவை. ஒரு கல் நழுவினால், மழை பெய்யும்போது மேலேயுள்ள மண் முழுக்கச் சரியும். ஐப்பசி மழை நமக்கு மட்டும் உரியதல்ல: 2011 ஒக்டோபர் 25இல் மழைவெள்ளமும் சேறும் வெர்னாட்சாவையும் மொந்தெரோசோவையும் மூடின. கடுமையான மழை எச்சரிக்கை வந்தால் பாதைகளையும் மூடிவிடுவார்கள். நம் பள்ளிக்கூட விடுமுறையை நம்பி ஓகஸ்டில் போனால் வெயிலும் சனமும் சேர்ந்து நெருக்கும். மே அல்லது செப்டெம்பர் நல்லது.

மொந்தெரோசோ–வெர்னாட்சா–கொர்னீலியா பாதைக்குத் தேசியப் பூங்காவின் அனுமதி அட்டை வாங்க வேண்டும். நடைக்கு மட்டுமானது ஒன்று, ரெயினும் சேர்ந்தது இன்னொன்று. திரும்ப ரெயினில் வருகிறவர்கள் மலிவென்று முதலாவதை எடுத்தால் பிறகு ஒவ்வொரு டிக்கட்டுக்கும் காசு கொடுக்க நேரும். சுவிஸ் தந்த ஷெங்கன் விசா இத்தாலிக்கும் செல்லும் என்று கடவுச்சீட்டைச் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டுப் போகவேண்டாம். சுவிஸ்–இத்தாலி எல்லையான கியாசோவில் ரெயினுக்குள் பார்ப்பதுண்டு. படகில் திரும்ப நினைப்பவர்கள் கவனிக்க: படகு கொர்னீலியாவில் நிற்காது, கடல் கொந்தளித்தால் எங்கேயும் ஓடாது.