பிரித்தானி வரலாறு படிக்கப்போறீங்களோ, காணி உறுதி பாக்கிற மாதிரிப் பாருங்கோ

பிரான்சில இருக்கிற என்ர மருமகள் போன கிழமை போன் எடுத்து, மாமா நான் இருக்கிறது நாந்த் நகரம், இங்கத்தைச் சனம் தாங்கள் பிரித்தானி (பிரான்சின்ர வடமேற்கு மூலைப் பகுதி) ஆக்கள் எண்டுதுகள், மப்பில பாத்தா வேற மாகாணம் போட்டிருக்கு, எது சரி எண்டு கேட்டாள். பிள்ளை, உறுதி பாக்கத் தெரியுமோ எண்டன்.

முதல்ல எல்லை. இப்பத்தைய மப்பை மூடி வைச்சிட்டு 1790க்கு முந்தின மாகாண மப் ஒண்டை எடுங்கோ, அதில நாந்த் பிரித்தானிக்குள்ளதான் கிடக்கும். (பிரித்தானியா வேற, ஆனா பேர் அங்கயிருந்துதான் வந்தது. 5ஆம், 6ஆம் நூற்றாண்டில அங்கயிருந்து கடல் தாண்டி வந்த சனம், அவையின்ர பாஷை இண்டைக்கும் வேல்ஸ் பாஷைக்குச் சொந்தம்.)

அடுத்தது சீதனம். இதில அவசரப்படாதேங்கோ, முழுக் கதையும் இங்கதான் இருக்கு. அப்ப பிரித்தானி ஒரு கோமகன் ஆண்ட தனி நாடு. 1488இல பிரெஞ்சு ராசாவிட்டத் தோத்த அந்தக் கோமகன் அந்த வருசமே செத்துப்போக, 11 வயசு மகள் ஆன் தனிய நிக்கிறா, நாடே அவவின்ர சீதனம். 1491இல எட்டாம் சார்ல்ஸ் ராசாவைக் கட்டினவ, அவர் 1498இல செத்தவுடன அடுத்த ராசா பன்னிரண்டாம் லூயியை 1499இல கட்டினா, ஆனா இந்தமுறை பிரித்தானி ஆட்சி தன்ர கையிலதான் எண்டு எழுதி வாங்கிப்போட்டா, எங்கட நொத்தாரிசுமாரே தோத்துப்போவினம். பிறகு அவவின்ர மகள் குளோட் கட்டினது, அடுத்த ராசாவா வந்த முதலாம் பிரான்சுவாவை.

இனி நிபந்தனை. 1532இல பிரான்சோட சேத்தபோது, உள்ளூர்ச் சபை சம்மதிக்காமல் புது வரி போடேலாது எண்டு ஒத்துக்கொண்டவை. உப்பு வரியும் அங்க இல்ல, அதால கெரோந்த் உப்பளத்துச் சனத்துக்கு நல்லகாலம், பக்கத்து மாகாணத்துக்கு உப்புக் கடத்தல் வேற. 1675இல பதினாலாம் லூயி முத்திரைத் தாளுக்கு வரி போட, சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு குழம்பிச்சினம், கொடுமையா அடக்கினாங்கள்.

கடைசியா, உறுதி எப்ப ரத்தானது எண்டு பாருங்கோ: பிரெஞ்சுப் புரட்சியில, 1789 ஓகஸ்ட் 4 இரவு சலுகை எல்லாம் போச்சு, அடுத்த வருசம் மாகாணத்தை 5 துண்டாப் பிரிச்சாச்சு. நாந்த் இருக்கிற துண்டை 1941இல விஷி அரசாங்கம் (ரெண்டாம் உலகப் போரில ஜெர்மன்காரரோட ஒத்துப்போன பிரெஞ்சு அரசாங்கம்) ஒரு ஆணையால தனிய எடுத்து விட்டுது, மருமகளின்ர மப் குழப்பம் அதுதான். ஆன் பிறந்த கோட்டையும் நாந்திலதான் நிக்குது, சனிக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறன்.