சிரிஞ்ச் பம்ப் கத்தினால் கை முதலில் எங்கே போக வேண்டும்?

மருத்துவமனை ஒன்றில் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் 18 வருடமாக இருக்கிறேன். சிரிஞ்சின் தண்டை மெதுவாகத் தள்ளி மருந்தை ஏற்றுவது சிரிஞ்ச் பம்ப். என் மேசைக்கு வரும் பம்ப்களின் மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, "வேலை செய்யல" என்று எழுதியிருக்கும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது சிஸ்டர். திரையில் என்ன வந்தது, எந்த மருந்து, மணிக்கு எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு நின்றது என்று எழுதுங்கள். நோயாளிக்கு ஏதாவது ஆகியிருந்தால் பம்பை அணைக்காமல், சிரிஞ்சைக் கழற்றாமல் அப்படியே ஓரமாக வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

சிரிஞ்சை மாட்டும்போது கவனிக்க வேண்டியது, அது எந்தக் கம்பெனி சிரிஞ்ச் என்பது. 50 மில்லி என்று போட்டிருந்தாலும் குழாயின் உள் விட்டம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பம்புக்குத் தெரிந்ததெல்லாம் தண்டை எவ்வளவு தூரம் தள்ளினோம் என்பதுதான். மெனுவில் வேறு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால், திரை சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகும் அளவு தப்பாக இருக்கும். தண்டின் தலை பிடிப்பில் சரியாக உட்கார்ந்ததா என்றும் பாருங்கள். உட்காராமல், பம்பும் நோயாளியைவிட உயரத்தில் இருந்தால், மருந்து தானாகவே இறங்கிவிடும். கம்பியில் இடம் இருக்கிறதே என்று பம்பை உச்சியில் மாட்ட வேண்டாம். நோயாளியின் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும்.

இனி அடைப்பு அலாரம். அலாரம் அடித்ததும் பலரும் செய்வது, மூடியிருந்த த்ரீ-வேயை (குழாயில் இருக்கும் மூன்று வழித் திருகை) சட்டென்று திறப்பது. அங்கேதான் ஆபத்து. அடைபட்ட குழாயில் அழுத்தம் ஏறி நிற்கும். திறந்த நொடியில் தேங்கிய மருந்தெல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போகும். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடுகிறது என்றால் ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் நோயாளி பக்கம் மூடியே இருக்கட்டும். பம்பை நிறுத்துங்கள், தண்டின் பிடிப்பைத் தளர்த்தி அழுத்தத்தை இறக்குங்கள், அடைப்பைச் சரிசெய்யுங்கள், அப்புறம் திறந்து ஓட்டுங்கள். இன்னொன்று: மணிக்கு 2 மில்லி மாதிரி மெதுவாக ஓடும்போது அடைப்பு அலாரம் வர அரை மணி நேரம்கூட ஆகலாம். அலாரம் அடிக்கவில்லை என்பதற்காக மருந்து போகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

டிரிப் போடும் இன்ஃபியூஷன் பம்பில் கதவைத் திறக்கும் முன் குழாயில் இருக்கும் ரோலரை (ஓட்டத்தை நிறுத்தும் சக்கரப் பிடி) மூடுங்கள். சில பம்ப்களில் தானாக மூடும் பிடி உண்டு. இருந்தாலும் கையால் மூடுவதுதான் என் கட்சி.

துடைப்பது பற்றிச் சுருக்கமாக: பிளக்கைப் பிடுங்கி, பிழிந்த துணியால் துடையுங்கள். ஸ்ப்ரேயை நேராக அடித்தால் இடுக்கு வழியே உள்ளே இறங்கும். சும்மா கிடக்கும் பம்பையும் சார்ஜில் போட்டு வையுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள் உடைந்திருந்தால் அந்தக் கருவி நோயாளி பக்கமே போகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட்டு அதில் வென்டிலேட்டரைச் செருகியதை ஒருமுறை பார்த்தேன். பக்கத்திலேயே மாப் வாளி. அன்றைக்கு எனக்கு வந்த கோபம்!

பாஸ்வேர்டு விஷயம் கணினிக்காரர்கள் வேலை என்று விட முடியாது. ஒரு பம்பை மருத்துவமனை நெட்வொர்க் வழியாக வெளியாள் இயக்கி மருந்தளவை மாற்ற முடியும் என்பதால், 2015இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹோஸ்பிரா கம்பெனியின் சிம்பிக் பம்பை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் சர்வர்கள் தாக்கப்பட்டபோது நாள் கணக்கில் பேனாவும் காகிதமுமாக வேலை நடந்தது. அதனால் வார்டில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மானிட்டரின் யூஎஸ்பியில் போனை சார்ஜ் போடாதீர்கள், பென் டிரைவும் வேண்டாம். பாஸ்வேர்டை எழுதித் திரை ஓரத்தில் ஒட்டாதீர்கள். சர்வீஸ் செய்ய வந்தேன் என்று யாராவது வந்தால், எங்களுக்கு ஒரு போன் போட்டுவிட்டு அப்புறம் கருவியைத் தொட விடுங்கள்.

கண்டெம் செய்த (இனி உதவாது என்று ஒதுக்கிய) மானிட்டரைப் பழைய சாமான் அறைக்கு அனுப்பும் முன்னும் எங்களிடம் சொல்லுங்கள். சென்ற மாதம் ஒன்றை ஆன் செய்து பார்த்தேன். எப்போதோ டிஸ்சார்ஜ் ஆனவரின் பெயரும் வயதும் படுக்கை எண்ணும் பளிச்சென்று வந்து நின்றன.