ரீமேப்புக்கு முந்தி டயர்: ஒரு லேத்துப் பட்டறைக்காரனின் குறிப்பு

கோயம்புத்தூர் கணபதியில் எனக்குச் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை. பம்பு ஷாஃப்ட் கடைவது பிழைப்பு, கார் பைத்தியம் உபதொழில். 2015 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வைத்திருக்கிறேன். 180 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் டார்க். வெளியே பார்த்தால் பேங்க் மேனேஜர் வண்டி மாதிரிதான் தெரியும். மிதித்தால்தான் குணம் தெரியும்.

இந்த மாதிரி வண்டி வாங்கிய பையன்கள் ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்தால் முதல் கேள்வி, "அண்ணா, ரீமேப் எங்க பண்ணலாம்?" என்பதுதான். ரீமேப் என்றால் இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது. நான் திருப்பிக் கேட்பேன்: "உன் டயர் எந்த வருஷத்து டயர்?" ஒருத்தனுக்கும் பதில் தெரியாது. எண்பதாயிரம் ரூபாய் சாஃப்ட்வேருக்கும் சைலன்சருக்கும் எடுத்து வைத்திருப்பான். கீழே ஏழு வருஷ டயர் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும். அவனுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இருக்கிற டயரை அளக்க வேண்டும். பட்டன் என்றால் டயரின் பள்ளங்களுக்கு நடுவே மேலே நிற்கும் ரப்பர். கண்ணால் பார்த்து "இன்னும் பட்டன் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள். நான் வெர்னியர் என்ற பட்டறை அளவுகோலின் பின்பக்கம் நீட்டிக்கொண்டு வரும் ஆழக்கம்பியால் அளப்பேன். உங்களிடம் வெர்னியர் இல்லையென்றால் பள்ளத்தின் ஆழம் பார்க்கும் கேஜ் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரே இடத்தில் அளக்கக் கூடாது. உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று குறுக்கே மூன்று இடம். சக்கரத்தைக் கொஞ்சம் உருட்டி மறுபடி மூன்று. புது டயரில் பள்ளம் ஏழு, எட்டு மில்லி ஆழம் இருக்கும். சட்டப்படி காருக்கு 1.6 மில்லிக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள்ளேயே அந்த உயரத்தில் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. என்னைக் கேட்டால் மூன்று மில்லி வந்ததுமே புது டயருக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட வேண்டும். காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது. ஐப்பசி மழையில் தெரியும். தண்ணீர் தேங்கி நிற்கும் ரோட்டில் எண்பதைத் தொடும்போதே டயர் மிதக்கலாம், அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவதற்குத்தான் பள்ளம்.

என் வண்டி வாங்கிய வாரம் முன் இடது டயரை அளந்தபோது வெளியே 4.3, நடுவில் 4.1, உள்ளே 1.9. நின்று பார்த்தால் நல்ல டயர். குனிந்து உள்பக்கம் கைவிட்டால் மொட்டை. உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணத்தில் கோளாறு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் புது டயர் போட்டால், அதையும் பழையது போன வழியிலேயே அனுப்பி வைப்பீர்கள்.

அடுத்து வயசு. டயரின் பக்கச்சுவரில் டிஓடி என்று ஆரம்பிக்கும் எழுத்து வரிசையின் கடைசியில், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றிருந்தால் 2021இன் 35ஆவது வாரம் தயாரானது. அது ஒரு பக்கம் மட்டும்தான் முழுசாக இருக்கும். உங்கள் நேரம், மாட்டிய பிறகு அது வண்டியின் அடிப்பக்கம் போயிருக்கும். மொபைல் டார்ச்சோடு கீழே படுக்க வேண்டியதுதான். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷம் ஒருமுறை வெடிப்பு பார்க்க வேண்டும். பத்து வருஷமானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் நான் அவ்வளவு நாள் விடுவதில்லை, ஆறோடு சரி.

கடையிலும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு கடையில் "புது ஸ்டாக்குங்ணா, நேத்துத்தான் இறங்குச்சு" என்றார்கள். இறங்கியது நேற்றுதான், உருவானது மூன்று வருஷத்துக்கு முன்னால். ரிம்மில் ஏற்றிய பிறகு பார்த்ததால் என்னால் ஒன்றும் பேச முடியவில்லை. இப்போது போனிலேயே வாரம், வருஷம் கேட்டுவிடுவேன்; தேதி இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வைத்ததிலிருந்து, வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் டயரில் சில அளவுகள் ஒரு மாதம் கிடைக்கும், இரண்டு மாதம் கிடைக்காது. பழைய சரக்கைத் தலையில் கட்டுவது அந்த நேரத்தில்தான் நடக்கும். அவசரப்படாதீர்கள்.

அளவுக்கு வருவோம். என் வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 205/55 ஆர்16 91வி. 205 என்பது அகலம், மில்லியில். 55 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 16 ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தாக்குப்பிடிக்கும். கடைசி இரண்டையும்தான் கடைக்காரர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்ணா" என்று தள்ளுவார்கள். அகலம் பெரிதாகிறது என்ற சந்தோஷத்தில் பாரக் குறியீடு குறைந்த டயரை வாங்கிவிடாதீர்கள். கம்பெனி கொடுத்ததற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும்.

பதினாறு அங்குல ரிம் பார்க்கச் சின்னதாக இருக்கிறது என்று மனசு கேட்காது. எனக்கும் கேட்கவில்லை. மாற்றுவதானால் மொத்த விட்டம் மாறாமல் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் குழம்பும். கணக்கு சுலபம்: அகலத்தை அந்தப் பக்கச்சுவர்ச் சதவீதத்தால் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ரிம்மை 25.4ஆல் பெருக்கி வரும் மில்லியோடு கூட்டுங்கள். 205/55 ஆர்16க்கு 631.9 மில்லி. 225/45 ஆர்17க்கு 634.3. இரண்டரை மில்லி கூட வித்தியாசமில்லை. 225/40 ஆர்18க்கு 637.2, கணக்குப்படி அதுவும் உட்காரும். ஆனால் பக்கச்சுவர் 113 மில்லியிலிருந்து 90க்கு இறங்கிவிடும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்துக்கு அந்த 23 மில்லிதான் பதில் சொல்ல வேண்டும். நான் மாட்டிய பதினேழிலேயே பொள்ளாச்சி ரோட்டில் ஒரு ராத்திரி, வெள்ளைக் கோடு போடாத வேகத்தடையில் ஏறி இறங்கியதில் பக்கச்சுவர் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. டயரை மாற்றத்தான் வேண்டும். இன்சூரன்ஸும் கைகொடுக்காது. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான் டயருக்குப் பணம், அதுவும் சாதாரண பாலிசியில் பாதி. பதினெட்டு போடுகிறவர்களைத் தடுக்க மாட்டேன், ஆனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

எந்த டயர் என்று கேட்டால் ஓட்டுவதைப் பொறுத்தது. அமைதியும் மழைப் பிடிப்பும் போதுமென்றால் மிஷலின் பிரைமசி மாதிரி டூரிங் டயர். வளைவில் ஸ்டியரிங் சொன்னதைச் சக்கரம் உடனே கேட்க வேண்டுமென்றால் அதே கம்பெனியின் பைலட் ஸ்போர்ட் 4 வகை. அது சீக்கிரம் தேயும், விலையும் கூட. நான் இரண்டாவதைப் போட்டேன். என் மனைவிக்கு வித்தியாசம் தெரியவில்லை. வால்பாறை ரோட்டில் எனக்குத் தெரிந்தது.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கிற வண்டியாயிற்றே, முன்னால்தானே போட வேண்டும் என்று எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி பம்பரம்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளியில் அலாய், அதாவது அலுமினியக் கலவை ரிம் வாங்கினால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது போல்ட் வட்டம்: ஆக்டேவியாவுக்கு ஐந்து போல்ட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் 112 மில்லி. இது தப்பினால் சக்கரமே மாட்டாது, அதனால் யாரும் ஏமாற மாட்டீர்கள். இரண்டாவது நடுத்துளை. அது போய் உட்காரும் ஹப், அதாவது சக்கரம் மாட்டும் அச்சுமுனை, நம் வண்டிக்கு 57.1 மில்லி. பல வண்டிக்கும் பொருந்தட்டும் என்று வெளி அலாய்களில் துளையை 73.1 என்று பெரிதாகவே விட்டிருப்பார்கள். இடைவெளிக்கு ஒரு வளையம் வேண்டும். கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் வளையம் எனக்குப் பிடிக்கவில்லை. அலுமினியத்தில் நானே நான்கு கடைந்துகொண்டேன். அது இல்லாமல் மாட்டினால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், நீங்கள் பேலன்சிங்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவதுதான் ஆபத்து. ஸ்கோடா போல்ட்டின் உட்காரும் பகுதி பந்து மாதிரி உருண்டையாக இருக்கும். வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்புக் குழி. பழைய போல்ட்டையே போட்டு ஏர் கன்னில் டர்ரென்று இறுக்கிவிடுவார்கள். இறுகியது போலத்தான் இருக்கும். சந்தேகத்தில் ஒரு போல்ட்டின் தலையடியில் எங்கே தொடுகிறது என்று காட்டும் பட்டறை நீல மையான மார்க்கிங் ப்ளூவைத் தடவி, கையால் இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். குழி முழுக்க நீலம் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருந்தது நூல் கனத்துக்கு ஒரே ஒரு வளையம். ஒன்றரை டன் வண்டியை அந்த நூல்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே கூம்புத் தலை போல்ட் இருபது வாங்கினேன். இறுக்குவதற்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச், 120 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில். ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை.

மாட்டும் இடத்தை விட்டு நகராதீர்கள். உள்பாதிக்கும் வெளிப்பாதிக்கும் வேறு வேறு வடிவம் உள்ள டயரில் வெளிப்பக்கம் எது என்று எழுதியிருக்கும், அது வெளியே தெரிகிறதா என்று நான்கையும் பாருங்கள். வால்வும் புதுசு போடச் சொல்லுங்கள். அலைன்மென்டில் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பப் பார்ப்பார்கள், 1.8க்குப் பின்னால் மல்டிலிங்க், அதாவது பல கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன், அங்கேயும் சரிசெய்ய இடமுண்டு. முன், பின் அளவுகள் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள்.

காற்று காலையில், வண்டி ஆறியிருக்கும்போது. அளவு எரிபொருள் மூடியின் உள்பக்கமோ டிரைவர் கதவுத் தூணிலோ ஒட்டியிருக்கும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அதிகபட்சம், அதைப் பார்த்து அடிக்காதீர்கள். மத்தியான வெயிலில் ஓடிவந்து அளந்தால் நாலைந்து பிஎஸ்ஐ கூடக் காட்டும். பதறிப்போய்க் காற்றை இறக்கக் கூடாது. நைட்ரஜன்? கொடுத்தால் போட்டுக்கொள்ளுங்கள், காசுக்கு வேண்டாம்.

சரி, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியைக் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதனால் ஃபெண்டரைத் தாண்டி வெளியே நீட்டும் டயரெல்லாம் வம்பு. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே ஒத்துக்கொண்ட அளவோடு நின்று, இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரியப்படுத்திவிடுங்கள். வேகம் தாண்டினால் காருக்கு 1000 முதல் 2000 ரூபாய். ரோட்டில் பந்தயம் விட்டால் 189ஆவது பிரிவு: முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய், அடுத்த முறை ஒரு வருஷம் வரை அல்லது 10,000. அபராதத்தை விடுங்கள், இந்தக் கணக்கைப் பாருங்கள்: எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. முழுசாக மிதித்துப் பார்க்க ஆசையென்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, 2.1 கிலோமீட்டர், சென்னைக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை. டிராக் நாள் பார்த்துப் பணம் கட்டிப் போங்கள். எதிரே டவுன் பஸ் வராது.

மலை ரோட்டில் வரும். புது டயருக்கு முதல் இருநூறு முந்நூறு கிலோமீட்டர் மேல்தோல் வழவழவென்று இருக்கும், அது தேயும்வரை அடக்கி ஓட்டுங்கள். நான் நான்காம் நாளே ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினேன், நாற்பது கொண்டை ஊசி வளைவு. வேண்டுமென்றே ஏறும் வழியில் மெதுவாகப் போனேன். குறுகிய இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். சுற்றுலா வேன்காரருக்கு இந்த விதி தெரியாது என்றே வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிட்டேனே. நானும் மறந்திருந்தேன். பதினேழுக்கு மாறி எட்டு மாதம் கழித்து கிணத்துக்கடவு பக்கம் ஆணி ஏறியது. டிக்கியைத் திறந்தால் பழைய பதினாறு, காற்று பதினொன்று பிஎஸ்ஐ. பஞ்சர்க்கடைத் தம்பி வந்து அடித்துக் கொடுத்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அந்தப் பழைய ரிம்முக்கு உருண்டைத் தலை போல்ட் வேண்டும். இருபதையும் பட்டறை மேஜை டிராயரில் போட்டு வைத்திருந்தேன். இப்போது அதில் ஐந்து, ஒரு துணிப்பையில், ஸ்டெப்னி நடுவிலேயே கிடக்கிறது.